வோர்ம்வுட்: விதைப்பு முதல் உலர்த்துதல் வரை

அப்சிந்த் என்னும் மதுவுக்குக் கசப்பைத் தரும் வோர்ம்வுட், நம் மரிக்கொழுந்துக்கும் மாசிபத்திரிக்கும் நெருங்கிய உறவுச் செடியாகும். சுவிட்சர்லாந்தின் வால்-த-திராவேர் பள்ளத்தாக்கில் இதனை இன்றும் பயிரிடுகிறார்கள்.

விதை தூசியைப் போல நுண்ணியது. முளைக்க வெளிச்சம் வேண்டுமென்பதால், அதை மண்ணால் மூடாமல் ஈரமான மேற்பரப்பில் தூவி மெல்ல அழுத்திவிட வேண்டும். நாற்றுகளை வெயில் நன்றாக விழும், நீர் தேங்காத நிலத்தில் 60 செ.மீ. இடைவெளியில் நடலாம். உரம் மிகுந்தால் தழை கொழிக்குமே தவிர மணம் குன்றும். வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் அண்டைப் பயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பதால், இதற்குத் தனிப்பாத்தி ஒதுக்குவதே நல்லது.

அறுவடைதான் மிகுந்த கவனத்தைக் கோருவது. கோடையில் சிறிய மஞ்சள் பூக்கள் விரியத் தொடங்கும்போது, பனி உலர்ந்த பின் மேற்பகுதித் தண்டுகளை மட்டும் வெட்டி, சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்; நேர்வெயிலில் காயவைத்தால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். இதற்கெனவே எழுப்பப்பட்ட பழைய மரக் கொட்டில் ஒன்று அந்தச் சுவிஸ் பள்ளத்தாக்கின் பொவரெஸ் என்ற சிற்றூரில் இன்றும் நிற்கிறது. தண்டு வளையாமல் சட்டென்று முறிந்தால் பதம் சரி. வெள்ளி நிறம் மாறாத இலைகளை உருவி, காற்றுப் புகாத ஜாடியில் அடைத்து இருட்டில் வைக்கலாம்.

இதிலுள்ள தூஜோன் என்னும் வேதிப்பொருள் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கும். கர்ப்பிணிகள் இம்மூலிகையை அறவே தவிர்க்க வேண்டும்.