ஈசிஜியில் ஏவி பிளாக் கண்டுபிடிக்க ஒரு துண்டுத் தாள்

தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.20 நொடி என்பதெல்லாம் தெரிந்திருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏவி பிளாக் என்பது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதில் வரும் தாமதம் அல்லது தடை. ஈசிஜியில் பி அலை மேலறையின் தூண்டல், க்யூஆர்எஸ் கீழறையின் தூண்டல்.

அடியில் நீளமாக ஓடும் ரிதம் ஸ்ட்ரிப்பை எடுங்கள். பெரும்பாலும் அது லீட் 2. பிஆர் இடைவெளி (பி தொடங்குவதிலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் வரை) ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டியும், ஒவ்வொரு பி அலைக்கும் ஒரு க்யூஆர்எஸ் வந்துவிட்டால் முதல் டிகிரி பிளாக். இதில் குழப்பமில்லை.

சில பி அலைகளுக்குப் பின் க்யூஆர்எஸ் வரவில்லை என்றால்? இங்கேதான் நான் தவறினேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு இரவு, பிஆர் மாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து வென்கபாக் (இரண்டாம் டிகிரி பிளாக்கில் ஒரு வகை) என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை ஸ்ட்ரிப்பில் ஒட்டி வைத்து, அடுத்தடுத்த பி அலைகளுக்கு நேராகப் புள்ளி வைத்தார். தாளை மெல்ல நகர்த்தினார். புள்ளி விழுந்த இடத்திலெல்லாம் பி இருந்தது. சிலது டி அலைக்குள் (க்யூஆர்எஸ்ஸை அடுத்து வருவது) ஒளிந்திருந்தது, சிலது க்யூஆர்எஸ்ஸுக்குள் புதைந்திருந்தது. அப்புறம் க்யூஆர்எஸ்களுக்கும் அதே மாதிரி. அவையும் சீராகவே வந்தன, ஆனால் மெதுவாக, தம் போக்கில். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மேலறைத் தூண்டல் எதுவுமே கீழே போகாத முழு பிளாக்!

அன்றிலிருந்து, பிஆர் மாறுகிறதா என்பதோடு க்யூஆர்எஸ்கள் சீராக வருகின்றனவா என்றும் பார்க்கிறேன். வென்கபாக்கில் அவை கொத்துக் கொத்தாக வரும். பிஆர் நீண்டுகொண்டே போய், ஒரு துடிப்பு விடுபட்டு, மறுபடி குறுகலாகத் தொடங்கும். (ஈசிஜி புழக்கத்துக்கு வருமுன்பே, 1899இல், டச்சு மருத்துவர் வென்கபாக் நாடிப் பதிவை வைத்தே இதைக் கண்டார். எனக்கு இன்றும் வியப்புதான்.) விடுபட்ட துடிப்புக்கு முன்னும் பின்னும் பிஆர் ஒரே அளவாக இருந்தால் அது மோபிட்ஸ் 2, இரண்டாம் டிகிரி பிளாக்கின் இன்னொரு வகை. முழு பிளாக்காக மாறக்கூடியது, உடனே சீனியரிடம் சொல்லுங்கள்.

கேலிப்பரைவிட (இடைவெளி அளக்கும் இருமுனைக் கருவி) எனக்குத் தாள்தான் பிடிக்கும். நாலைந்து புள்ளிகளை ஒரே சமயத்தில் ஒத்துப் பார்க்கலாம். மெஷின் அச்சடித்த விளக்கத்தைக் கடைசியில் படியுங்கள்.

பிற்சேர்க்கை: இருவர் கேட்டதால் எழுதுகிறேன். க்யூஆர்எஸ் வராத பி, புள்ளிக்கு முன்பே வந்திருந்தால் அது பெரும்பாலும் ஏட்ரியல் எக்டோபிக், அதாவது மேலறையில் முன்கூட்டியே எழுந்த துடிப்பு. மோபிட்ஸ் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பி-க்கு ஒரு க்யூஆர்எஸ் மட்டுமே வந்தால், ஒப்பிட அடுத்தடுத்த பிஆர் கிடைக்காது. அப்போது '2:1 பிளாக்' என்று மட்டும் எழுதி, நீளமான ஸ்ட்ரிப் எடுங்கள்.