சாமி கும்பிடாதவர் செட்டிநாட்டு வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் ஒருவர் "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்றால், பெரியவர்கள் காதில் அது "எனக்குப் பங்காளிகள் வேண்டாம்" என்று விழும். அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கோயில்தான் குடும்பப் பதிவேடு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணமானதும் கணவனும் மனைவியும் சேர்ந்து தங்கள் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம், ஆகிறார்கள். ஒரே கோயில் பிரிவுக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே யார் யாருக்கு அண்ணன் தம்பி, யார் யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் கோயிலை வைத்துத்தான். நம்பிக்கையும் உறவும் இப்படி ஒரே முடிச்சில் கிடப்பதால், முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அறுப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

எது ஒப்பும், எது ஒப்பாது என்பதை வீட்டிலிருந்து கிளம்புமுன்பே பிரித்துக்கொள்ளுங்கள். புள்ளி வரி கட்டுவது கணக்கு. பெரியவர் காலில் விழுவது மரியாதை. சந்நிதியில் கைகூப்பி நிற்பது வழிபாடு. முதல் இரண்டையும் செய்து மூன்றாவதை விடுகிற நாத்திகர்கள் உண்டு. காலில் விழுவதைத்தான் முதலில் விடுவேன் என்கிற சுயமரியாதைக்காரர்களும் உண்டு. எந்தக் கோடானாலும் சரி, விசேஷத்துக்கு விசேஷம் அது நகரக்கூடாது. போன வருஷம் திருநீறு பூசியவர் இந்த வருஷம் மறுத்தால், "யார்மேலோ கோபம்" என்றுதான் ஆச்சிமார் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்காரர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாமி கும்பிடாதவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. கடவுளே இல்லை என்பவர் ஒருவர், கடவுள் இருக்கலாம் ஆனால் சடங்கு வேண்டாம் என்பவர் இன்னொருவர். சாதிக்காகவும் புரோகிதத்துக்காகவும் எதிர்ப்பவர் வேறு. ஒரு சாவுக்குப் பிறகு சாமியோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர் முற்றிலும் வேறு. கடைசி ஆளிடம் தத்துவம் பேசுவது புண்ணைக் கிளறுவதுதான். நிலை மாறவும் செய்யும். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன் நாத்திக மேடையில் நின்றவர். பின்னால் பக்தி எழுதிக் குவித்தார். அதற்காக, "நீயும் ஒருநாள் திரும்புவாய்" என்று இளைஞர்களிடம் அவரைக் காட்டாதீர்கள். அவர்களுக்கு அதைவிட எரிச்சல் தரும் பேச்சு வேறில்லை.

சிரமம் அதிகம் வருவது பிள்ளையார் நோன்பில். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அது வரும். புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலைத் திரித்துத் திரியாக்கி, நெய்யில் நனைத்து, பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த சின்ன உருண்டையில் செருகி ஏற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் தருவார். சுடரோடு அப்படியே வாயில் போட்டு விழுங்குவதுதான் இழை எடுத்துக்கொள்வது.

இழை எடுப்பதா வேண்டாமா என்று வரிசையில் நின்றபடி முடிவு செய்யக்கூடாது. வேண்டாம் என்றால் முதல் நாளே, இழை எடுத்துத் தரும் பெரியவரிடமே, தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: "ஐயா, நான் வர்றேன், பக்கத்துல நிக்கிறேன், இழை மட்டும் எடுத்துக்கலை." அப்படிச் சொன்னால் எண்ணிக்கையிலேயே குறைத்துப் பிசைந்துவிடுவார்கள். ஏற்றிய இழை ஆளில்லாமல் தட்டில் எரிந்துகொண்டிருந்தால்தான் அபசகுனம் என்று பதறுவார்கள். எடுத்துக்கொள்வதென்றால், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது, சுடர் உதட்டைத் தொடும். மூச்சை நிறுத்தி, உள்ளே போட்டு, உடனே வாயை மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். திரி உருண்டைக்கு மேலே நீண்டிருந்தாலோ நெய் வழிந்தாலோ சுடும். அதைக் குட்டையாக்கித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பயந்து வாயால் ஊதி அணைத்துவிடாதீர்கள். விளக்கை வாயால் ஊதுவது இங்கே யாருக்கும் பிடிக்காது. நீங்கள் பயத்தில் ஊதியதைக் கேலிக்கு ஊதியதாக நினைப்பார்கள்.

திருநீறு சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் வரும். வலக்கையை நீட்டிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். திருநீறு வேண்டாம் என்பவர் தட்டு வருமுன்பே அரையடி பின்னால் நகர்ந்து, நெஞ்சுக்கு நேரே கைகூப்பினால் போதும். கையில் விழுந்துவிட்டால் தரையில் உதறாதீர்கள், தூணிலும் கொட்டாதீர்கள் (பக்தர்களே செய்கிற தப்பு இது). ஒரு துண்டுத் தாளில் மடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். குன்றக்குடி மடத்துக்கு வந்த பெரியார், கொடுத்த திருநீற்றை ஏற்றுக்கொண்டார் என்பது இந்தப் பக்கத்தில் பலரும் சொல்லும் செய்தி. அவருக்கும் அந்த மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளாருக்கும் நல்ல நட்பு. ஆனால் மேடையில் இருவருமே தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. இதைச் சொல்லி ஒருவர் நெற்றியில் வலுக்கட்டாயமாகப் பூசுவது அந்தச் செய்தியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. அவராக ஏற்றுக்கொண்டது வேறு, பிடித்து வைத்துப் பூசுவது வேறு.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் போவதை மட்டும் முடிந்தவரை தவிர்க்காதீர்கள். அங்கே கும்பிடப்படுவது அநேகமாக உங்கள் முப்பாட்டன், முப்பாட்டி. பங்காளிகள் கூடிச் சமைத்து, புதுச் சேலை வேட்டி வைத்துப் படைக்கிறார்கள். படைப்பு நடக்கும் சாமி வீட்டுக்குள் போக மனமில்லாதவருக்குக் காய் நறுக்க, இலை போட, பந்தி பரிமாற என்று வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலே வேலை கிடக்கிறது. வேலை செய்கிறவனிடம் யாரும் ஏன் கும்பிடவில்லை என்று கேட்பதில்லை. முகப்புத் திண்ணையில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பவனிடம்தான் கேட்பார்கள்.

கல்யாணத்தில் பேச்சை நிச்சயத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், பத்திரிகை அடித்த பிறகு வேண்டாம். சட்டம் எளிது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. பதிவுக்கு 90 நாள் கெடு. சிக்கல் சட்டத்தில் இல்லை, கோயில் மாலையில் இருக்கிறது. மாப்பிள்ளை, பெண் இருவரின் கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் புள்ளியாகச் சேர்ப்பார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது கேட்கப்போவதும் அதைத்தான். மாலையை வாங்கிக்கொண்டு ஹோமத்தை விட்டுவிடலாம் என்பது பல வீடுகளில் படிந்து வரக்கூடிய சமரசம். இசைகுடிமானத்தில் கையெழுத்துப் போடத் தயங்க வேண்டாம், அது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். தலைப்பில் சிவமயம் இருக்கும். செட்டியார் கணக்கேட்டிலும் அதுதான் இருந்தது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடப்பவர்களைப் பார்த்தால் வாதம் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். "சாமி" என்று கூப்பிடுவது அங்கே விளிப்பெயர், அதற்குக் கூசவேண்டாம். கறுப்பு உடுத்தியவரை நம் ஆள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். கார்த்திகை மார்கழியில் அவர் பெரும்பாலும் ஐயப்ப பக்தர்.

கடைசியாக ஒரு சொல்: "சாமி குத்தம்." ஆயா அதைச் சொல்லும்போது கேட்பவருக்குச் சாபம் மாதிரி இருக்கும். சொல்பவருக்கு அது பயம், பேரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். அதற்கு ஆதாரம் காட்டிப் பதில் சொன்னால் அவர் பயம் இன்னும் கூடும். "எனக்காக நீங்க கும்பிட்டுக்குங்க ஆயா" என்றால் அவருக்கும் வேலை கிடைக்கும், நீங்களும் பொய் சொன்னதாகாது. வீட்டுக்காரர்களுக்கும் இதுபோல ஒன்று: "ஏன் நம்பலை?" என்று கேட்டே ஆகவேண்டும் என்றால் பந்தியில் கேட்காதீர்கள். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்ட பிறகு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தனியாக இருக்கும்போது கேளுங்கள்.