பூட்டனைத் தேடி யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

டி.என்.ஏ. சோதனைப் பெட்டியை வாங்கி, குழாய்க்குள் எச்சிலைத் துப்பி அனுப்பினால் பரம்பரை முழுவதும் தெரிந்துவிடும் என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பலர் நம்புகிறார்கள். சில வாரம் கழித்து வருவது தென்னிந்தியா, இலங்கை என்ற ஒரு வரியும், முன்பின் தெரியாத பெயர்களின் நீண்ட பட்டியலும்தான். அந்தப் பெயர்கள் உங்களுக்கு யார் என்று சொல்லும் கடதாசி ஊரில் இருக்கிறது. இந்த விடுமுறைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்தவர்கள், நல்லூருக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் நடுவே ஓரிரு காலை நேரத்தைப் பங்குப் பேரேட்டுக்கு, அதாவது ஊர்க் கோயிலில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்ட ஏட்டுக்கு, ஒதுக்கிவிடுங்கள்.

வெளிக்கிடும் முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஊர், தகப்பன் பெயர், உத்தேச ஆண்டு ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு ஞானப்பிரகாசத்தை இன்னொரு ஞானப்பிரகாசத்திலிருந்து பிரிக்க முடியாது. ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதையும் அந்தக் காலத்துக் கணக்கில் பாருங்கள். இன்று தனிப் பங்காக இருக்கும் கிராமம் அன்று பக்கத்துப் பெரிய கோயிலின் கீழ் இருந்திருக்கலாம். மன்னார் மறைமாவட்டமே 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. அதோடு 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் முழுவதிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்தபோது சில பேரேடுகள் பாதர்மாரின் பெட்டிகளோடு போயின, சில அழிந்தன. பங்கில் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் ஆயர் இல்லத்திலும் விசாரியுங்கள்.

எவ்வளவு பின்னால் போகலாம்? மன்னாரில் கிறிஸ்தவர்கள் 1544இலேயே சங்கிலி மன்னனால் கொல்லப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் மறைந்து திரிந்துதான் பூசை செய்தார். அமலமரித் தியாகிகள் என்ற குருமார் சபையினர் 1847இல் வந்தார்கள். ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு 19ஆம் நூற்றாண்டு வரை கிடைத்தாலே பெரிய கொடுப்பினை.

பேரேட்டைத் திறந்தவுடன் பலர் திகைப்பது பெயர்களைக் கண்டுதான். 1960களின் வத்திக்கான் சங்கத்துக்கு முன் பெரும்பாலும் லத்தீனில்தான் எழுதினார்கள். உங்கள் வீட்டு இராயப்பு அங்கே பெத்ருஸ், சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யொவான்னஸ், சந்தியோகு யாக்கோபுஸ், சூசைப்பிள்ளை யோசேபுஸ். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஓரங்களைப் படியுங்கள். 1908க்குப் பிந்திய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில், அந்தப் பிள்ளை வளர்ந்து யாரை, எந்தக் கோயிலில் கலியாணம் முடித்தது என்ற குறிப்பு பலமுறை இருக்கும். அது உங்களை நேராக அடுத்த பங்குக்கு அனுப்பும். தொட்டப்பா, தொட்டம்மா என்ற ஞானப் பெற்றோரின் பெயர்களையும் விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் தாய்மாமனோ, மாமியோ, பெரியம்மாவோதான். பெண்வழி உறவு வேறெங்கும் அகப்படாதபோது அங்கே அகப்படும்.

எல்லாவற்றிலும் அருமையானது திருமணப் பேரேடு. மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்ய ஆயரின் விலக்கு, அதாவது நெருங்கிய உறவுத் தடையை நீக்கும் அனுமதி, வேண்டும், அதைப் பதிவிலேயே குறிப்பார்கள். இரண்டாம் படி என்ற பொருளில் செக்குந்தோ என்றிருந்தால் இருவருக்கும் ஒரே பாட்டன் பாட்டி. மூன்றாம் படி என்ற பொருளில் தெர்சியோ என்றிருந்தால் ஒரே பூட்டன் பூட்டி, அதாவது பாட்டன் பாட்டியின் பெற்றோர். ஒற்றைச் சொல்லில் இரண்டு மூன்று தலைமுறை உறவு கிடைத்துவிடுகிறது.

டி.என்.ஏ. முடிவை வாசிக்கவும் இது தேவை. பொதுவான மரபணுவை அளக்கும் அலகு சென்டிமோர்கன். ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் சராசரியாக 850 சென்டிமோர்கன் அளவுக்கு மரபணுவைப் பகிர்வார்கள். இரண்டுவிட்டவர்கள் 230 அளவிலும், மூன்றுவிட்டவர்கள் 75 அளவிலும் பகிர்வார்கள். இந்தக் கணக்கு சொந்தத்துக்குள் கலியாணம் செய்யாத சமூகங்களுக்கு. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிய எங்கள் ஊர்களில் ஒரே ஆள் மூன்று வழியில் உறவாக இருப்பார். இரண்டுவிட்ட சகோதரம் என்று நிறுவனம் சொல்பவர் உண்மையில் நாலுவிட்டவராக இருக்கலாம். உறவு உண்டு என்பதைத்தான் எச்சில் சொல்லும், எந்த வழியில் என்பதைப் பேரேடும் பெரியவர்களும் சொல்லவேண்டும்.

சோதனைப் பெட்டி கொண்டுபோவதானால் உங்களுக்காக அல்ல, ஊரிலிருக்கும் ஆக மூத்த பெரியம்மாவுக்காகக் கொண்டுபோங்கள். அவர் உங்களைவிட ஒரு தலைமுறை மேலே நிற்பவர். வயதானவர்கள் பலருக்கு எச்சில் போதிய அளவு ஊறாது, ஆகவே கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவும் வகையை வாங்குங்கள். மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ இரண்டும் அப்படித்தான். என்ன சோதனை, விவரம் எங்கே போகும் என்பதைத் தமிழில் சொல்லி, அவர் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் எடுங்கள். ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. ஊரில் இருக்கும் ஆளுக்கு இந்த ஆபத்தைச் சொல்லாமல் மாதிரி எடுப்பது சரியல்ல.

சைவக் குடும்பத்தவர்களுக்கும் வழி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கலியாணமும் சொத்துரிமையும் செல்லுபடியாக ஞானஸ்நானம் தேவைப்பட்டதால், சைவர்களும் அவர்களின் பள்ளிக்கோயில் பதிவுகளில் ஏறினார்கள். அமெரிக்க மிஷனரிமாரின் வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கிய பிறகு அங்கே படித்த பலர் அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரைத் தாங்கினார்கள். ஆறுமுகம் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனது அப்படித்தான். பூட்டன் அங்கே படித்தவர் என்றால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் பேரேட்டுக்கு அடுத்த பெரும் புதையல் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள். காணி முன்னோர் வழி வந்த முதுசமா, மகளுக்குக் கொடுத்த சீதனமா, தானே சம்பாதித்த தேடிய தேட்டமா என்று எழுதியிருப்பதே வம்ச வரலாறு. சீதன உறுதிகளை அடுக்கினால் அம்மம்மாவின் அம்மா வரை பெண்வழி ஏறிப்போகலாம். நான்கு எல்லையிலும் பெயர் வரும் அயல்காணிக்காரர் பலமுறை சகோதரர்களாக இருப்பார்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம்.

பங்கு அலுவலகத்துக்கு வார நாளில் காலையில், முன்பே தொலைபேசியில் கதைத்துவிட்டுப் போங்கள். பெரிய வாரத்திலும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டியும் பாதர்மாரைப் பிடிப்பது கஷ்டம். கடவுச்சீட்டும், நீங்கள் வாழும் நாட்டுப் பங்குத்தந்தையின் கடிதமும் இருந்தால் நல்லது. படம் எடுக்க முதலில் அனுமதி கேளுங்கள். தகப்பன் பெயர் இல்லாத பதிவுகளும், சாதி குறித்த பதிவுகளும் கண்ணில் படும். அவற்றை முகநூலில் போடாதீர்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதே ஒழுங்கையில் இருக்கிறார்கள். மாலையில் சேமக்காலைக்குப் போய்ப் பழைய கல்லறைக் கற்களையும் பாருங்கள்.

எடுத்த படங்களுக்கு ஊர், ஆண்டு, பக்க எண் போட்டுப் பெயரிட்டு, அவற்றின் பிரதியைப் பங்கிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஏட்டுக்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம்.