ஆய்வுச் சுருக்கத்தில் முடிவு எங்கே?

சொல் எண்ணிக்கை, எழுத்துப்பிழை எல்லாம் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கோலாலம்பூர், பினாங்கு முதுகலை மாணவர்களின் சுருக்கங்களில் ஆண்டுதோறும் தப்பாமல் வரும் தவறுகள் வேறு.

கண்டறிந்ததைச் சொல்லாமல் விடுவது

‘இவ்வாய்வு தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறனை ஆராய்கிறது. தரவுகள் திரட்டப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டன. முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன.’

எத்தனை மாணவர்? எந்த ஆண்டு? என்னதான் தெரியவந்தது? விவாதிக்கப்படுகிறதாம்! இலையைப் போட்டுவிட்டுச் சோறு அடுப்படியில் இருக்கிறது என்பதுபோல.

தரவுத்தளத்தில் தேடுபவருக்கு இலவசமாகக் கிடைப்பது பல நேரங்களில் தலைப்பும் சுருக்கமும்தான். மாநாட்டுத் தேர்வுக் குழுவுக்குப் போவதும் பெரும்பாலும் அதுவே. அதில் முடிவு இல்லையென்றால், ஆய்வே முடியவில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? ஆய்வைத் தொடங்கும் முன் எழுதும் முன்மொழிவிலிருந்து. அதில் ‘ஆராயும்’ என்றிருந்ததை ‘ஆராய்கிறது’ என்று மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். முன்மொழிவு எழுதும்போது முடிவு ஏது? கட்டுரை முடிந்த பிறகு, வெற்றுத்தாளில் புதிதாக எழுதுங்கள். எண்கள் கற்பனை, அமைப்பைக் கவனியுங்கள்:

‘நான்காம் ஆண்டு மாணவர் 60 பேருக்கு உரக்க வாசிக்கும் சோதனையும் கருத்துணர் வினாக்களும் தரப்பட்டன. ல, ள, ழ ஒலிப்பில் 38 பேர் தடுமாறினர். அவர்களில் 29 பேர் வினாக்களுக்குச் சரியாகவே விடையளித்தனர். ஒலிப்பை மட்டும் வைத்துப் புரிதலை மதிப்பிட இயலாது.’

அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) எழுத்து நடைக் கையேட்டு 7ஆம் பதிப்பின் நெறிப்படி சுருக்கம் பொதுவாக 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். பின்னணிக்கு இரண்டு வாக்கியம், நோக்கத்துக்கு ஒன்று, முறைக்கு 60 சொல். முடிவுக்கு நூறாவது ஒதுக்குங்கள். எழுதியதும் கண்டுபிடிப்பைச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். இரண்டுகூடத் தேறவில்லையா, திரும்ப எழுதுங்கள்.

தமிழின் தொன்மையில் தொடங்குவது

வெட்டுங்கள்.

கட்டுரையில் இல்லாத முடிவு

கூடவே கூடாது.

மொழிபெயர்ப்பைக் கடைசி இரவுக்கு விடுவது

ஆய்வேட்டுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் கேட்பது இங்கே வழக்கம். ‘பள்ளிகளிலிருந்து’ தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும். தமிழில் 220 சொல்லில் நின்றது அங்கே வரம்பைத் தாண்டிவிடும். அவசரத்தில் வெட்டும்போது முதலில் பலியாவது முடிவு வாக்கியம்தான். இன்னொன்று: தமிழில் மாணவர் எண்ணிக்கை 60ஐ 58 என்று திருத்தியவர் மலாயில் 60ஐ அப்படியே விட்டிருப்பார். தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்த மலாய்ப் பக்கமாகவும் இருக்கலாம்.