24 பேர், 11 பேர், ஒரு மேடு: மேன் தீவில் சட்டமும் ஆட்சியும் நடக்கும் விதம்

மேன் தீவுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி. கூடக் கிடையாது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் 572 சதுர கி.மீ. நிலம், ஏறத்தாழ 84,000 பேர், தலைநகர் டக்ளஸ். பிரிட்டிஷ் மன்னரே இதற்கும் அரசர். இங்கே அவருக்கு ‘லார்ட் ஆஃப் மேன்’ என்று பெயர். ஆனால் தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் பொறுப்பு; வரி, பள்ளி, மருத்துவமனை, காவல், சாலை எல்லாம் தீவின் சொந்தப் பொறுப்பு. தீவில் குடியேறியவர்கள் முதலில் செய்யும் தப்பு, குறையை எழுதி லண்டனுக்கு அனுப்புவதுதான். லண்டனில் அதைக் கையில் வாங்க ஆள் இல்லை.

தீவின் நாடாளுமன்றத்துக்குப் பெயர் டின்வால்ட். 979இலிருந்து தொடர்ந்து நடப்பதாகக் கணக்கு வைத்து, 1979இல் ஆயிரமாண்டு விழா எடுத்தார்கள். அந்த 979க்கு ஆதாரம் தேடி வரலாற்றாசிரியர்களிடம் போகாதீர்கள். பெயர் மட்டும் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது, ‘சபை கூடும் திடல்’ என்று பொருள்.

முதலில் இது யார் வேலை என்று பாருங்கள்

குப்பை வண்டி வரவில்லை, பொது வீட்டுவசதியில் சிக்கல் என்றால் டின்வால்டுக்குப் போக வேண்டாம். அது டக்ளஸ் மாநகர மன்றத்தின் வேலை. வெளியூர் என்றால் அந்த ஊர் கமிஷனர்களின், அதாவது உள்ளாட்சி உறுப்பினர்களின் வேலை. மருத்துவமனை, பள்ளி, வருமான வரி, திட்ட அனுமதி என்றால் தீவு அரசின் துறைகள். விலைவாசி பற்றிய கோபத்தில் ‘வாட் வரியை (மதிப்புக் கூட்டு வரியை) குறையுங்கள்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். 1979இல் பிரிட்டனோடு செய்துகொண்ட சுங்க ஒப்பந்தப்படி வாட் பெரும்பாலும் அங்குள்ள விகிதத்தில்தான் இங்கேயும் வசூலாகிறது. தீவின் நிதியமைச்சர் நினைத்தால் தொடக்கூடியது வருமான வரியைத்தான்.

யார் யார் எங்கே உட்காருகிறார்கள்

டின்வால்டுக்கு இரண்டு கிளைகள். ஒன்று ஹவுஸ் ஆஃப் கீஸ்: 24 உறுப்பினர்கள். தீவின் சொந்த மொழியான மாங்க்ஸில் இதன் பெயரே ‘நான்கும் இருபதும்’ என்பதுதான். இன்னொன்று சட்டமன்ற மேலவை: 11 பேர். இவர்களில் 8 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கீஸ் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்தாண்டுப் பதவி, ஒரு முறைக்கு நான்கு இடம், ஜெயிக்க 13 வாக்கு. மீதி மூவர் டின்வால்ட் தலைவர், ஆங்கிலிக்கன் பிஷப், அரசுத் தலைமை வழக்கறிஞர். வழக்கறிஞர் பேசலாம், வாக்களிக்க முடியாது. பிஷப்புக்கு எதற்கு வாக்கு என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்திருக்கிறது.

இரண்டு கிளைகளும் தனித்தனியாகக் கூடுவது மசோதாவுக்கு. அக்டோபர் முதல் ஜூலை வரை மாதம் ஒரு முறை, மூன்றாம் செவ்வாய் தொடங்கி, இரண்டும் ஒரே மண்டபத்தில் சேர்ந்து உட்காரும். அதுதான் ‘டின்வால்ட் கோர்ட்’. கோர்ட் என்றாலும் நீதிமன்றம் இல்லை. பட்ஜெட், கொள்கைத் தீர்மானம், விதிமுறைகளுக்கு ஒப்புதல், குழு அறிக்கைகள் எல்லாம் அங்கே வரும். பட்ஜெட்டுக்கு பிப்ரவரிக் கூட்டம். செய்தியில் ‘டின்வால்ட் மசோதாவை நிறைவேற்றியது’ என்று படித்தால் எந்தக் கிளை, எந்தக் கட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் கீஸில் இரண்டாம் வாசிப்புதான் முடிந்திருக்கும்.

வாக்களிக்க

12 தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை செப்டம்பர் நான்காம் வியாழனில் தேர்தல்: 2016இல் 22ஆம் தேதி, 2021இல் 23, 2026இல் 24. நாள் சட்டத்திலேயே எழுதியிருப்பதால் ஆளும் தரப்பு தனக்குத் தோதான மாதத்தைத் தேடி வைக்க முடியாது.

வயது 16 ஆகியிருக்க வேண்டும், தீவில் 12 மாதம் வசித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது தகுதி விதியில் இல்லை. மருத்துவமனை வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆன செவிலியரும் பதிந்துகொள்ளலாம். பதிவு தானாக நடக்காது. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும், இதை மறந்துதான் பலர் வாக்கை இழக்கிறார்கள்.

சீட்டில் இரண்டு பேருக்குக் குறி போடலாம். ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். உங்களுக்கு ஒரே ஒருவர்தான் வர வேண்டும் என்றால் இரண்டாவது வாக்கைப் போடாமல் விடுவதே புத்திசாலித்தனம். இரண்டாவது வாக்கு அவருக்கே போட்டியாக எண்ணப்படும்.

பெண்களுக்கு வாக்கு இங்கே 1881இலேயே வந்தது. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன், 1866 வரை கீஸ் தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்ட சபை. 1864இல் தங்களைக் கிண்டலடித்த ஜேம்ஸ் பிரவுன் என்ற பத்திரிகை ஆசிரியரை அவர்களே சிறையில் போட்டார்கள். லண்டன் நீதிமன்றம் தலையிட்டு விடுவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தேர்தல் வந்துவிட்டது.

ஆட்சி எப்படி அமைகிறது, எங்கே எண்ண வேண்டும்

கட்சி என்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சுயேச்சைகள். தேர்தல் முடிந்ததும் கீஸ் கூடிச் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும். பிறகு முதலமைச்சர் பதவிக்கு நிற்பவர்கள் திட்டத்தை எழுதித் தருவார்கள், கீஸ் வாக்களிக்கும், 13 வாக்கு வேண்டும், மன்னரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநர் நியமிப்பார். 2021இல் செப்டம்பர் 23 அன்று தேர்தல், அக்டோபர் 12இல் ஆல்ஃபிரட் கானன் முதலமைச்சர். மக்கள் வாக்களிக்கும்போது முதலமைச்சர் யார் என்று சீட்டில் எங்கேயும் தெரியாது. இதுதான் இந்த அமைப்பில் வெளியாட்களுக்கு மிகவும் உறுத்தும் இடம்.

முதலமைச்சர் எட்டுத் துறைகளுக்கு அமைச்சர்களைப் பொறுக்குகிறார். அவரோடு ஒன்பது பேர், அமைச்சரவை. கூட்டுப் பொறுப்பு உண்டு: உள்ளே எதிர்த்தவரும் வெளியே ஆதரித்து வாக்களிக்க வேண்டும். அமைச்சர் ஆகாத பலரையும் ஏதாவது ஒரு துறையில் ‘துறை உறுப்பினர்’ ஆக்கிவிடுகிறார்கள். அந்தத் துறை விஷயத்தில் அவர்களும் துறையோடுதான் நிற்க வேண்டியிருக்கும். இதைச் சேர்த்துப் பார்த்தால் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார ஆள் மிஞ்சுவதில்லை. 2016இல் பிரிட்டிஷ் மேலவையைச் சேர்ந்த லிஸ்வேன் பிரபு டின்வால்டை ஆராய்ந்து கொடுத்த அறிக்கையும் இந்தச் சிக்கலைத் தொட்டது.

ஆகவே ஒரு தீர்மானம் ஜெயிக்குமா என்று பார்க்க வேண்டுமானால் விரலை மடக்கி எண்ணுங்கள். அமைச்சர்கள் எத்தனை, அந்தத் துறையின் உறுப்பினர்கள் எத்தனை, மீதி எத்தனை. மீதியில் இருக்கும் ஆறேழு பேரிடம் பேசினால்தான் பயன். அமைச்சரிடம் மன்றாடும் நேரத்தை இவர்களிடம் செலவிடலாம்.

டின்வால்ட் கோர்ட்டில் எண்ணும்போது இன்னொரு பொறி இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இரு கிளைகளின் வாக்கும் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். கீஸில் ஆதரவு 14, எதிர்ப்பு 10; மேலவையில் ஆதரவு 3, எதிர்ப்பு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆதரவு 17, எதிர்ப்பு 15. பார்த்தால் வெற்றி, ஆனால் தீர்மானம் தோல்வி. இந்த நிலையில் அடுத்து வரும் கூட்டம் ஒன்றில் இரண்டையும் சேர்த்து எண்ணும் கூட்டு வாக்கெடுப்பைக் கேட்க வழியுண்டு. அதைக் கேட்கத் தவறினால் விஷயம் அங்கேயே செத்துப்போகும்.

யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப் பட்டியல் எப்போதும் கிடைக்காது. குரல் வாக்கு முடிந்ததும் யாராவது ஓர் உறுப்பினர் பிரித்து எண்ணக் கேட்டால்தான் பெயர்கள் பதிவாகும். உங்களுக்கு வேண்டிய உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மசோதா போகும் பாதை, கை வைக்க வேண்டிய இடம்

பெரும்பாலான மசோதாக்கள் கீஸில் தொடங்கும். அதற்கு முன் அரசு கருத்துக் கேட்பு நடத்தும், வழக்கமாக ஆறு வாரம் அளவு. முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள். இரண்டாம் வாசிப்பில் ‘இப்படி ஒரு சட்டம் வேண்டுமா’ என்ற விவாதம். அதன் பிறகு உட்பிரிவுக் கட்டம்: ஒவ்வோர் உட்பிரிவாக எடுத்து, திருத்தம் வந்தால் அதற்கும் வாக்கு. மூன்றாம் வாசிப்போடு கீஸில் முடியும். பிறகு மேலவையிலும் இதே படிகள். அங்கே திருத்தினால் மறுபடி கீஸுக்கு வரும். மேலவையால் தாமதப்படுத்த முடியும், கீஸ் விடாப்பிடியாக நின்றால் நிரந்தரமாகத் தடுக்க முடியாது.

நீங்கள் ஏதாவது மாற்ற நினைத்தால் நேரம் இரண்டாம் வாசிப்புக்கும் உட்பிரிவுக் கட்டத்துக்கும் நடுவே. மூன்றாம் வாசிப்பு நாளில் காலரியில் வந்து உட்காருபவர்களால் எதையும் மாற்ற முடிவதில்லை. அனுப்பும் கடிதத்தில் ‘இது அநியாயம்’ என்று மூன்று பக்கம் எழுதாமல், ‘7ஆவது உட்பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்’ என்று எழுதுங்கள். திருத்தத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருப்பதால் உறுப்பினர் உங்கள் வரியை அப்படியே எடுத்து உடனே போட முடிகிற வடிவம் தேவை.

இரு அவைகளும் தாண்டியதும் சட்டமாகிவிடாது. டின்வால்டில் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும், பிறகு அரச ஒப்புதல். 1981 முதல் பெரும்பாலான மசோதாக்களுக்கு மன்னரின் பெயரில் துணைநிலை ஆளுநரே ஒப்புதல் தருகிறார். சிலவற்றை லண்டன் பார்க்கும். கருணை மரண மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்த அலெக்ஸ் அலின்சன் அப்போது நிதியமைச்சர். கட்சி இல்லாத சபையில் இதெல்லாம் நடக்கும். 2023இல் இரண்டாம் வாசிப்பு, 2025 மார்ச் 25 அன்று இறுதி வாக்கு. ‘சட்டம் வந்துவிட்டது’ என்று அன்றே உலகம் முழுக்கச் செய்தி போட்டார்கள். உண்மையில் அன்றுதான் ஒப்புதலுக்கான பயணமே தொடங்கியது. ஒப்புதல் கிடைத்த சட்டத்திலும் சில பிரிவுகள் தனி ஆணை போட்டால்தான் நடைமுறைக்கு வரும். ‘எந்த நாளிலிருந்து’ என்ற வரியைச் சட்டத்தின் முதல் சில பிரிவுகளில் தேடுங்கள்.

கட்டணம், உரிமம், அபராதத் தொகை போன்றவை மசோதாவாகவே வராது, விதிமுறைகளாக வரும். அதில் சில டின்வால்ட் ஒப்புதல் தந்தால்தான் தொடங்கும். சில தொடங்கிவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்கும். சில யாரும் ரத்து செய்யாவிட்டால் தானாக நிற்கும். மூன்றாம் வகைதான் கண்ணில் படாமல் நழுவும். மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அடிவரை படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஜூலை 5: மேட்டடியில் மனு

நிறைவேறிய ஒவ்வொரு சட்டமும் ஒப்புதலுக்குப் பின் 18 மாதத்துக்குள் செயின்ட் ஜான்ஸ் ஊரில் உள்ள டின்வால்ட் மேட்டில் வாசித்து அறிவிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாமல் போகும். வாசிப்பது ஜூலை 5, சனி ஞாயிறாக இருந்தால் அடுத்த திங்கள். 2025இல் 7ஆம் தேதி நடந்தது. மேடு நான்கு தட்டு, பன்னிரண்டடி உயரம். தேவாலயத்திலிருந்து மேடு வரை நடைபாதையில் கோரைப்புல் பரப்பியிருக்கும். கடல் தெய்வம் மனன்னனுக்கு வரி செலுத்திய பழக்கத்தின் மிச்சம் என்பார்கள். உச்சித் தட்டில் துணைநிலை ஆளுநரும் மேலவையும், அடுத்த தட்டில் கீஸ். ஆங்கிலத்திலும் மாங்க்ஸிலும் சட்டத் தலைப்பும் சுருக்கமும் வாசிக்கப்படும். பிறகு தேவாலயத்துக்குத் திரும்பி இறகுப் பேனாவால் சான்றிதழில் கையெழுத்து.

வாசிப்பு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மேட்டடிக்குப் போய்க் குறை தீர்ப்பு மனு கொடுக்கலாம். ஆயிரம் கையெழுத்து வேண்டாம், ஓர் ஆள் போதும். தாளில் மூன்று பகுதிகள்: யாருக்கு, அதாவது டின்வால்ட் கோர்ட்டுக்கு, குறை என்ன, தேதியோடும் சட்டத்தின் பெயரோடும், கடைசியில் என்ன கேட்கிறீர்கள். கடைசிப் பகுதிதான் பலருக்குச் சொதப்பும். ‘நியாயம் கிடைக்கச் செய்யுங்கள்’ என்று முடித்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவைத் திருத்துவது பற்றி ஆராயுங்கள்’ என்று முடியுங்கள். சொந்த வழக்கைவிடப் பலரைப் பாதிக்கும் குறைக்கே இங்கே மதிப்பு. வரைவை சில வாரம் முன்பே டின்வால்ட் கிளார்க் (நாடாளுமன்றச் செயலர்) அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நிலையாணை என்னும் சபை நடைமுறை விதிக்குள் வராத மனுவைப் பிறகு மேற்கொண்டு எடுக்க முடியாது.

கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்களின் மனுக்கள் அப்படியே கிடக்கும். ஓர் உறுப்பினர் அதைக் கையில் எடுத்து ‘இதை ஆராயத் தெரிவுக்குழு அமையுங்கள்’ என்று டின்வால்டில் தீர்மானம் கொண்டுவர வேண்டும், அது இரு கிளைகளிலும் ஜெயிக்க வேண்டும். அதனால் ஜூன் மாதமே உங்கள் தொகுதியின் இரு உறுப்பினர்களையும் பாருங்கள். இருவரும் கை விரித்தால் மேலவை உறுப்பினர் ஒருவரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தொகுதி கிடையாது, அதனால் யாருடைய மனுவையும் எடுக்கலாம்.