தமிழ் கற்பிக்கும் வேலைக்குப் போகிறீர்களா? முதலில் தட்டச்சு

சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் வேலை தேடுபவர்களில் பலர் ஆங்கிலத்தில் மளமளவென்று அடிப்பார்கள், தமிழில் ஒரு பத்தி கேட்டால் கைபேசியை எடுத்துப் பேசி, வந்ததை அப்படியே ஒட்டுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஒரு துணைப்பாட நிலையத்தின் நேர்முகத் தேர்வில் கருத்தறிதல் பகுதி ஒன்றை அங்கேயே உட்கார்ந்து அடிக்கச் சொன்னார்கள். 'வகுப்பறை' 'வகுப்பரை' ஆகிவிட்டது. அதைப் பார்த்தது நானில்லை, அவர்கள்.

சரி, வழிக்கு வருவோம். தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. விண்டோஸ் 11ல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதனடியில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் போதும், காசு கிடையாது. மேக்கிலும் உண்டு. விண்டோஸில் மொழி மாற்ற, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார்.

உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இதன் அழகே புள்ளி தானாக விழுவதுதான். 'சிங்கப்பூர்' அடித்துப் பாருங்கள்: ச, இ, ங, க, ப, ப, ஊ, ர, கடைசியில் புள்ளி. ஒன்பதே தட்டு! ங்க, ப்ப இரண்டுக்கும் நீங்கள் புள்ளி வைக்கவே இல்லை. 'பப்பாளி' மாதிரிச் சொல்லில் மட்டும் முதல் ப அடித்ததும் அ தட்டுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் புள்ளி விழுந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் ஒலித்து அடிக்கும் அஞ்சல் முறை தப்பில்லை, ஆனால் ஆசிரியருக்கு நான் சொல்லமாட்டேன். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண என்று விரல் தனித்தனி விசைக்குப் போகும்போதுதான் எழுத்து மனத்தில் பதிகிறது. எஸ்எல்எஸ் என்ற மாணவர் இணையக் கற்றல் தளத்தில் நீங்கள் ஏற்றும் பிழையைப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதுவார்கள்.

தினமும் 15 நிமிடம், தமிழ் முரசுச் செய்தி ஒன்றைப் பார்த்து அடியுங்கள், விசைகளைப் பார்க்காமல். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பழைய எழுத்துருவில் செய்த பயிற்சித்தாள்களை இன்னொரு கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். எதையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் செய்து, கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் அனுப்புங்கள்.