பயனர் நிரலிலிருந்து எம்எஸ்ஆர் பதிவகத்தைப் படித்த என் அனுபவம்

லினக்ஸ் மடிக்கணினியில் இன்டெல் செயலி செலவிடும் ஆற்றலை அளக்க விரும்பி, எம்எஸ்ஆர் பதிவகங்களை (செயலி தன் நிலைத் தகவல்களை வைக்கும் சிறு சேமிப்பிடங்களை) படிக்கும் ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையை என் சி நிரலுக்குள் நேரடியாக எழுதினேன். அது இயக்கமுறைமையின் கருவான கெர்னலுக்குரிய உயர் உரிமை நிலையான வளையம் 0-இல் மட்டுமே இயங்கக்கூடியது என்பதால், சாதாரண நிரல்களுக்குரிய வளையம் 3-இல் இருந்த என் நிரல் அந்த வரியை எட்டியதுமே செக்மென்டேஷன் ஃபால்ட் என்னும் பிழையுடன் நின்றது.

ஆகவே பதிவகங்களைக் கெர்னல் வழியே படிக்க உதவும் எம்எஸ்ஆர் கெர்னல் தொகுதியை ஏற்றி, ஒவ்வொரு கோருக்கும் அது உருவாக்கும் சாதனக் கோப்பைத் திறக்க முயன்றேன். கோப்புக்கு வாசிப்பு அனுமதி தந்த பிறகும் மறுப்பே வந்தது. கோப்பு அனுமதியோடு கேப் சிஸ் ராஐஓ என்னும் தனி உரிமையையும் கெர்னல் கேட்கிறது என்பது தெரிந்ததும், செட்கேப் கட்டளையால் அதை நிரலுக்கு வழங்கினேன், கோப்பு திறந்தது.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. ஆற்றல் கணக்கு இருக்கும் பதிவகத்தின் எண் 611-ஐப் பதினாறடிமானத்தில் தராமல் தசமத்தில் கொடுத்ததால், கோப்பைப் படிக்கும் ப்ரீட் அழைப்பு உள்ளீட்டுப் பிழையைத் திருப்பியது; இதற்கு ஒரு மாலைப்பொழுதே போயிற்று. திருத்திய பின் 8 பைட்டுகள் ஒழுங்காகக் கிடைத்தன. அவற்றில் கீழ் 32 பிட்டுகளே ஆற்றல் கணக்கு. அந்தக் கணக்கின் அலகைச் சொல்லும் பதிவகம் 606-இன்படி ஓர் அலகு என் கணினியில் ஏறத்தாழ 61 மைக்ரோஜூல் என்பதால், 15 வாட் செலவில் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கு சுழியத்துக்குத் திரும்பும். அதையும் நிரலில் கவனித்துக்கொண்டேன்.